டிக்கியில் வூஃபர் வைக்கப் போகிறீர்களா? கை கொடுக்கும் குறிப்புகள்

காரில் பாட்டு கும்மென்று கேட்கவில்லை என்றால் உடனே பெரிய சப் வூஃபர் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். இருக்கிற வூஃபரின் இணைப்பையும் பெட்டியையும் சரிசெய்தாலே பல வண்டிகளில் ஆசை தீர்ந்துவிடும். எங்கள் வீட்டு வண்டியில் செய்து பார்த்துப் பலன் கண்டவை இவை.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஓம்ஸ் கணக்கு போட்டுவிடுங்கள். 4 ஓம்ஸ் வூஃபர் இரண்டை பேரலலாக இணைத்தால் 2 ஓம்ஸ், சீரீஸாக இணைத்தால் 8 ஓம்ஸ். ஆம்ப் எத்தனை ஓம்ஸ் வரை தாங்கும் என்று அதன் கையேட்டில் இருக்கும்; அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

2. டபுள் காயில் வூஃபர் என்றால் ஒன்றிலேயே இரண்டு வழி. 4+4 காயிலை பேரலல் செய்தால் 2, சீரீஸ் செய்தால் 8. 2+2 காயில் என்றால் 1 அல்லது 4. உங்கள் மோனோ ஆம்ப் 2 ஓம்ஸ் தாங்கும், வூஃபரும் ஒன்றுதான் என்றால் 4+4 வாங்குங்கள். வூஃபர் இரண்டு என்றால் 2+2 வாங்கி, ஒவ்வொன்றின் காயில்களையும் சீரீஸாக்கி, பிறகு இரண்டு வூஃபரையும் பேரலலாகச் சேருங்கள். அதே 2 ஓம்ஸ் வந்துவிடும்.

3. இரண்டு சேனலை பிரிட்ஜ் செய்தால் பெரும்பாலான ஆம்ப்புகளுக்கு 4 ஓம்ஸ்தான் எல்லை. எங்கள் வண்டியில் ஒரு கடைக்காரர் பிரிட்ஜில் இரண்டு 4 ஓம்ஸ் வூஃபரை பேரலலாகக் கொடுத்துவிட்டார். நாலு பாட்டு ஓடும், ஆம்ப் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், சிவப்பு விளக்கு எரிந்து தானே அணைந்துவிடும். ஆம்ப்பையே மாற்றச் சொன்னார்கள். பிரிட்ஜைப் பிரித்து சேனலுக்கு ஒரு வூஃபர் என்று மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை, இன்றுவரை அதே ஆம்ப் பாடுகிறது.

4. விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் எளிதாகக் கிடைக்கும். 4 ஓம்ஸ் காயில் மீட்டரில் மூன்றரை போலக் குறைத்துத்தான் காட்டும், அது பழுதில்லை. முள்ளே அசையவில்லை என்றால்தான் காயில் அறுந்திருக்கிறது.

5. பிளஸ், மைனஸ் குழம்பிவிட்டதா? சுவர்க் கடிகாரத்தின் 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து வூஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே இழுத்தால் தலைகீழ். இரண்டு வூஃபரில் ஒன்று மாறியிருந்தாலும் ஒன்றை ஒன்று அடக்கி, பேஸே காணாமல் போய்விடும்.

6. பெட்டிக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். போதும். மூடிய பெட்டி சின்னதாக அடங்கும், தவில் அடி போலக் கச்சிதமாகக் கேட்கும். துளை வைத்த போர்ட் பெட்டி இடம் அடைக்கும், சத்தம் கூடுதலாக வரும். மழைத் தண்ணீர் பட்டால் எம்.டி.எஃப். அப்பளமாக உப்பிவிடும், அதனால் அடிப்பக்கத்துக்கு இரண்டு கை பெயின்ட் அடித்துவிடுங்கள்.

7. மூடிய பெட்டி கொஞ்சம் சிறியதாகிவிட்டால் பழைய தலையணையின் பாலியஸ்டர் பஞ்சை உள்ளே தளர்வாக நிரப்புங்கள். பெட்டி சற்றுப் பெரிதானது போலவே கேட்கும்.

8. உள்மூலைகளில் சிலிகான் பூசினால் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு வூஃபரைப் பூட்டுங்கள். அந்தப் புளிப்பு வாடை வூஃபரின் பசைக்கும் ஓரத்துக்கும் ஆகாது.

9. திருகாணிகளை வரிசையாக முறுக்காமல், சக்கர நட்டு போல எதிரெதிராக முறுக்குங்கள். வூஃபர் விளிம்புக்குக் கீழே ஒரு சுற்று ஃபோம் டேப் ஒட்டினால் காற்று கசியாது.

10. ஸ்விஃப்ட், வேகன்ஆர் மாதிரி வண்டிகளில் வூஃபர் முகம் டிக்கிக் கதவைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பேஸ் நிறைவாக வரும். பெட்டியைப் பூட்டும் முன் நாலு பக்கமும் திருப்பி வைத்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கேட்டு முடிவு செய்யுங்கள்.

11. பெட்டியைத் தரையோடு பூட்டத் துளை போடும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பெட்ரோல் டேங்கும் பிரேக் பைப்பும் அங்கேதான் போகின்றன.

12. பவர் வயர் வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதையே வாங்குவதானால் ஒரு சைஸ் தடிமனாக எடுங்கள்.

13. எர்த் வயர் பவர் வயரின் அதே தடிமனில், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இருக்கட்டும். பூட்டும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளபளவென்று தெரிந்த பிறகே போல்ட் போடுங்கள்.

14. பவர் வயர் ஒரு பக்கம், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயர் மறுபக்கம். சேர்த்துக் கட்டினால் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஊய்' என்று இரைச்சல் வரலாம்.

15. கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. இல்லையே என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் பின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே பாட்டு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டிக்கான கப்ளர் கேட்டு வாங்குங்கள், வயரை வெட்டவே வேண்டாம்.

16. ஆம்ப்பில் உள்ள கெய்ன் வால்யூம் இல்லை. ஸ்டீரியோவை முக்கால் பங்கு வைத்து, கெய்னை மெல்லத் திருப்பி, சத்தம் கரகரக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்துங்கள். லோ பாஸ் 80 ஹெர்ட்ஸில் இருந்தால் பேச்சுக் குரல் வூஃபருக்குள் போகாது.

17. 'டர்ர்' என்று அதிர்ந்தால் வூஃபரைச் சந்தேகிக்கும் முன் பின் நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பின்னால் ஒரு துண்டு ஃபோம் ஒட்டினால் பல நேரம் அதோடு நின்றுவிடும்.

18. இன்ஜின் பக்கத்திலிருந்து வயர் உள்ளே வரும் துளைக்கு ரப்பர் கிராமெட் போடுங்கள், தகர விளிம்பு வயரை அறுத்துவிடும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள், அந்த வயருக்கு ஏற்ற ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வயர் எங்காவது தகரத்தைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். கடையில் வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து அந்த ஃபியூஸைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.