சாத்தனூர் அணை மீனும் சொந்தக் குட்டை மீனும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சாத்தனூர் அணை 1958-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழுக் கொள்ளளவுக்கு நீர்மட்டம் 119 அடி. பாசனத்துக்கென எழுந்த அணை, மீனவர்களுக்கும் சோறு போடுகிறது. அணையின் மீன்வளம் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது.

அணையில் இருப்புச் செய்யப்படும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கை ஆற்றுக் கெண்டைகள். வெள்ளம் புரளும் ஆற்றில்தான் இவை முட்டையிடும். தேங்கிய நீரில் சினை பிடித்தாலும் முட்டையிடுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் குஞ்சு விட்டாக வேண்டும். அமெரிக்க நீர்த்தேக்கங்களில் தூண்டில்காரர்கள் தேடிப் பிடிக்கும் 'ஸ்டிரைப்டு பாஸ்' என்ற வரி மீனுக்கும் இதே சங்கடம்தான். அதன் முட்டை ஓடும் நீரில் மிதந்தால்தான் பொரியும். பல அணைகளில் பண்ணைக் குஞ்சையே விடுகிறார்கள். நம் நாட்டில் 1957-ல் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதற்கு முன் குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்தனர்.

சொந்தக் குட்டை உள்ள சிறு விவசாயிக்கும் இதில் பாடம் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதென்று அரிசி அளவுக் குஞ்சை வாங்கி விட்டால், பெரும்பகுதி விராலுக்கும் தவளைக்கும் இரையாகும். நான்கு அங்குலம் வளர்ந்த குஞ்சே நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிச் சித்திரையில் வற்றும் குட்டையில் கிடைப்பது ஐந்தாறு மாதமே. சிறு குஞ்சு விரல் நீளம் வருவதற்குள் பாதிக் காலம் போய்விடும்.

கோடையில் குட்டை வற்றும்போதே விராலையும் ஜிலேபி மீனையும் அடியோடு பிடித்துவிட வேண்டும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி, குட்டையிலேயே குஞ்சு பொரித்துப் பெருகும். கெண்டைக்குள்ள இரையைத் தின்றுவிட்டுத் தானும் சிறுத்தே கிடக்கும்.

செண்டுக்கு 20 குஞ்சு போதும். பத்துக்கு நான்கு கட்லா, மூன்று ரோகு, மூன்று மிர்கால் என்று விடலாம். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் இரைக்குப் போட்டி குறையும். பச்சைச் சாணம் அளவோடு இட்டால் நுண்ணுயிர் பெருகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் சாணத்தை உடனே நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

பெருமழை ஓய்ந்த பிறகே குஞ்சு விடுவது நல்லது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறக்கப்பட்டு ஆற்றோரம் வெள்ளக்காடானது. குட்டை வழிந்தாலே குஞ்சுக்குப் போட்ட பணம் நீரோடு போய்விடும். வழியும் இடத்தில் சிறு கண் வலை கட்ட வேண்டும்.

குஞ்சு வந்த பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, பிறகு பைக்குள் குட்டை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேற விட வேண்டும்.