வாக்குச் சாவடியில் ஒரு வரிசைக் கணக்கு

உங்களுக்கு இன்னும் வாக்களிக்கும் வயது வரவில்லை. ஆனால் அப்பாவுடனோ அப்பத்தாவுடனோ வாக்குச் சாவடி வரை போய், வெளியே நிழல் தேடி நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். வாக்களிப்பதற்கு ஆகும் நேரம் என்னவோ ஒரு நிமிடத்திற்கும் குறைவுதான். அந்த ஒரு நிமிட வேலைக்காகச் சில சமயம் ஒரு மணி நேரம் நிற்க நேர்கிறது. நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்; சிலர் "பிறகு வருகிறேன்" என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை. ஒரு வரிசை நீளமாக இருந்த காரணத்தால் மட்டுமே ஒருவருடைய வாக்கு பதிவாகாமல் போகிறது என்றால், அது சிறிய விஷயமா?

"அலுவலர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள்", "கூட்டம் அதிகம்" என்று வரிசையில் நிற்பவர்கள் காரணம் சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வரிசைக்கென்று ஒரு கணிதமே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், அலுவலர் சோம்பேறியாக இல்லாதபோதும் கூட்டம் அளவோடு வந்தபோதும் வரிசை நீள்வது ஏன் என்பது விளங்கும்.

முதலில் சாவடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் அலுவலர் அடையாள அட்டையை வாங்கி, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கிறார். இரண்டாமவர் விரலில் அழியாத மை வைத்து, பதிவேட்டில் கையொப்பமோ கைநாட்டோ பெற்று, ஒரு சீட்டைத் தருகிறார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்தி, ஒரே ஒரு வாக்குக்கு மட்டும் இயந்திரத்தைத் திறந்துவிடுகிறார். வாக்காளர் மறைப்புக்குள் சென்று தமக்கு வேண்டிய சின்னத்துக்கு நேரே அழுத்துகிறார். யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் காட்டும் சீட்டு, பக்கத்தில் உள்ள விவிபேட் கருவியின் கண்ணாடிச் சன்னலில் 7 விநாடிகள் தெரிந்து, பிறகு பெட்டிக்குள் விழுகிறது. 'பீப்' என்ற ஒலி கேட்டதும் அடுத்தவர் முறை.

முதல் மேசையில் ஒருவருக்கு 20 விநாடி, இரண்டாவது மேசையில் 30 விநாடி, இயந்திரத்தில் 45 விநாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வாக்களித்து வெளியே வருவார்கள்? மூன்றையும் கூட்டாதீர்கள். ஒருவர் இயந்திரத்தில் இருக்கும்போதே அடுத்தவர் விரலில் மை வைக்கப்படுகிறது அல்லவா? ஆகவே ஆக மெதுவான படிதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 45 விநாடிக்கு ஒருவர் என்றால் மணிக்கு 80 பேர். முதல் மேசையில் இரண்டு அலுவலர்களை உட்கார வைத்தாலும் அதே 80 பேர்தான்! குடத்தின் வயிற்றைப் பெரிதாக்கினால் வாய் பெரிதாகிவிடுமா?

இனி அமராவதிபுதூருக்குப் போவோம். காரைக்குடிக்கு அருகில் உள்ள இவ்வூர் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, ஆக 11 மணி நேரம். நம் கணக்கிற்காக இவ்வூரில் 1,200 வாக்காளர்கள் கொண்ட ஒரு சாவடியைக் கற்பனை செய்துகொள்வோம். நூற்றுக்கு 70 பேர் வாக்களிக்க வருகிறார்கள் என்றால் 840 பேர். சாவடியின் திறனோ மணிக்கு 80 வீதம் 11 மணி நேரத்திற்கு 880 பேர். திறன் தேவையைவிட 40 அதிகம். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை.

ஆனால் மக்கள் காகிதத்தில் உள்ளபடி வருவதில்லை. சித்திரை மாதத்துச் செட்டிநாட்டு வெயிலை அறிந்தவர் எவரும் நண்பகலில் வரிசையில் நிற்க ஆசைப்படமாட்டார். "காலையிலேயே போய் முடித்துவிடுவோம்" என்று எல்லோரும் கிளம்புகிறார்கள். 7 மணி முதல் 9 மணி வரை மணிக்கு 120 பேர் வருவதாகக் கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் வந்தவர்கள் 240; வாக்களித்தவர்கள் 160. மீதி 80 பேர் 9 மணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் நிற்பவருக்கு 80 × 45 விநாடி, அதாவது சரியாக ஒரு மணி நேரக் காத்திருப்பு.

9 மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடுகிறது. மீதமுள்ள 600 பேர் 9 மணி நேரத்தில் ஒரே சீராக வருவதாகக் கொண்டால் மணிக்குச் சுமார் 67 பேர். உள்ளே போவதோ 80 பேர். ஆகவே வரிசை மணிக்கு 13 பேர் வீதம்தான் கரைகிறது. 80 பேர் கரைய எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு மணி நேரம்! காலை இரண்டு மணி நேரத்தில் உருவான வரிசை பிற்பகல் 3 மணிக்குத்தான் மறைகிறது. கண்மாய்க்கு நீர்வரத்து நின்ற பின்னும் மடை வழியே நீர் வடிய நாட்கள் ஆவதில்லையா, அதுபோலத்தான் இதுவும். 11 மணிக்கு வந்து நிற்பவர், "இப்போது யாருமே புதிதாக வரவில்லையே, வரிசை மட்டும் ஏன் குறையவில்லை?" என்று அலுவலர்மீது கோபப்படுகிறார். அவர் நிற்பது காலை 8 மணிக் கூட்டத்தின் எச்சத்தில்.

இதே சாவடியில் ஒருவருக்கு 45 விநாடிக்குப் பதில் 40 விநாடி ஆனால் என்ன ஆகும்? நீங்களே போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 பேர், 9 மணிக்கு மீதி 60 பேர், முற்பகல் 11.35 மணி வாக்கில் வரிசை காலியாகிவிடும். வெறும் ஐந்து விநாடி, கிட்டத்தட்ட மூன்றரை மணி நேர வரிசையைத் தின்றுவிட்டது! கண்ணாடியைத் தேடுவது, தயங்கி நிற்பது, அடுத்தவர் தொலைவிலிருந்து நடந்து வருவது - இவற்றில்தான் அந்த ஐந்து விநாடி ஒளிந்திருக்கிறது. அடுத்தவர் மூன்றாவது மேசையருகே தயாராக நின்றாலே அதில் பாதி மிச்சமாகும்.

மறுபுறமும் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கே இயந்திரம் பழுதாகி அரை மணி நேரம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். இழந்த வாக்குகள் 40. சாவடியின் உபரித் திறனும் அதே 40 தானே? 9 மணிக்கு வரிசையில் 120 பேர் நிற்பார்கள். அது மணிக்கு 13 பேர் வீதம் கரைந்து, மாலை சரியாக 6 மணிக்குத்தான் தீரும். காலையில் நின்ற அரை மணி நேரம் நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது. இதனால்தான் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பாகவே, முகவர்களின் கண்முன் குறைந்தது 50 வாக்குகளைப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார்கள். இயந்திரம் சரியாக எண்ணுகிறதா என்று காட்டுவதே அதன் நோக்கம். பழுது இருந்தால் கூட்டம் வருமுன் தெரிந்துவிடுவது கூடுதல் பலன்.

இதுவரை நாம் பார்த்தது காலை நெரிசல். நெரிசலே இல்லாமல் நாள் முழுவதும் சீராக வந்தாலும் வரிசை உண்டாகும் என்பதுதான் இந்தக் கணிதத்தின் வியப்பான பகுதி. இதைக் கண்டறிந்தவர் தேர்தலைப் பற்றி நினைத்தவர் அல்லர். டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஏ. கே. எர்லாங் (1878-1929) என்பவர் அவர். இணைப்பகத்துக்கு அழைப்புகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் எத்தனை கம்பிகள் வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடி 1909-இல் அவர் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

நம் சாவடியில் 11 மணி நேரத்தில் 840 பேர் என்றால் சராசரியாக 47 விநாடிக்கு ஒருவர் வருகிறார். ஒருவருக்கு 45 விநாடி போதும். கடிகார முள்போல வந்தால் எவரும் நிற்கவே வேண்டாம். ஆனால் காரைக்குடிப் பேருந்திலிருந்து பத்துப் பேர் ஒன்றாக இறங்குகிறார்கள். பிறகு ஐந்து நிமிடம் ஒருவரும் இல்லை. அந்த ஐந்து நிமிடம் இயந்திரம் சும்மா இருக்கிறது. சும்மா கழிந்த விநாடிகளைச் சேர்த்து வைத்து, அடுத்த பேருந்து வரும்போது செலவழிக்க முடியாது. சேமிக்க முடியாத இந்த நேரம்தான் வரிசைக்கு வித்து.

வருகையும் வேலை நேரமும் முற்றிலும் தற்செயலாக மாறிக்கொண்டிருந்தால், சராசரிக் காத்திருப்புக்கு எளிய சூத்திரம் உண்டு. வேலை நேரத்தை அதே வேலை நேரத்தால் பெருக்கி, வருகை இடைவெளிக்கும் வேலை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வருகை இடைவெளி 47 விநாடி. வேலை நேரம் 30 விநாடி என்றால் 900-ஐ 17 ஆல் வகுக்க, 53 விநாடி காத்திருப்பு. 40 விநாடி என்றால் 1,600-ஐ 7 ஆல் வகுக்க, ஏறத்தாழ 4 நிமிடம். 45 என்றால் 17 நிமிடம். 46 என்றால்? 35 நிமிடம்! கீழே உள்ள வித்தியாசம் பூச்சியத்தை நெருங்க நெருங்க, விடை வானத்தைத் தொடுகிறது. உண்மைச் சாவடியில் வேலை நேரம் அவ்வளவு தாறுமாறாக மாறாது. எல்லோருக்கும் அச்சாக ஒரே நேரமே ஆகுமானால் காத்திருப்பு மேற்சொன்னதில் பாதியாகிவிடும். நிஜம் இரண்டுக்கும் இடையில் இருக்கும். ஆனாலும் வளைகோட்டின் போக்கு அதேதான். பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவர் முதல் மேசையில் நின்று வாதாடினால் வரிசை முழுதும் உறைந்துபோவதும் இதனால்தான். அப்படிப்பட்டவரைத் தனியே அழைத்துப் பேசுவது வரிசைக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

வேலை நேரம் தாறுமாறாக ஏறிய ஒரு நிகழ்ச்சி நம் மாநிலத்திலேயே உண்டு. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டுப் பகுதியின் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று! தம் சின்னத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வாக்காளரை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டில் காப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2019-இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 185 வேட்பாளர்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைத்தார்கள்.

இயந்திரத்தின் வேகத்தைக் கூட்ட முடியாது என்றால், வருவோரைப் பிரித்துவிடுவதே வழி. கொரோனாத் தொற்று இருந்த 2021 தேர்தலில் ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளர் என்று வரம்பு கட்டினார்கள். தமிழ்நாட்டில் சாவடிகள் சுமார் 88,900 ஆயின. 2024-இல் அவை 68,000-க்குச் சற்று மேல். 2025-இல் தேர்தல் ஆணையம் 1,500 என்றிருந்த வரம்பை 1,200 ஆகக் குறைத்தது. இந்த 300 பேரால் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? 1,500-இல் 70 விழுக்காடு 1,050 பேர். நம் சாவடியின் திறன் 880. மாலை 6 மணிக்கு 170 பேர் மிச்சம். அவர்கள் வாக்களித்து முடிக்க இரவு 8 மணி தாண்டிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 2024 ஏப்ரல் 26 அன்று கேரளத்தின் வடகரைத் தொகுதியில் சில சாவடிகளில் மாலையில் நீண்ட வரிசைகள் நின்று, இரவு வெகுநேரம் வரை வாக்குப்பதிவு நடந்தது. அமெரிக்காவிலும் 2012 தேர்தலில் புளோரிடா மாநிலத்தில் மணிக்கணக்கில் மக்கள் நின்றார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் குழு, எந்த வாக்காளரும் அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று 2014-இல் பரிந்துரைத்தது.

முடிவு நேரத்தில் வரிசையில் நிற்கும் அனைவருக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு. இதற்கு நம் நாட்டில் ஓர் அழகான முறை இருக்கிறது. தலைமை அலுவலர் கையொப்பமிட்ட எண் சீட்டுகளைக் கொடுப்பார்கள், எங்கிருந்து தெரியுமா? வரிசையின் கடைசி ஆளிடமிருந்து. அவருக்கு எண் 1. அங்கிருந்து முன்னோக்கிக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். முன்னாலிருந்து கொடுத்தால், சீட்டு வால் பகுதியை எட்டுவதற்குள் புதிதாகப் பத்துப் பேர் வந்து ஒட்டிக்கொள்ள மாட்டார்களா? இந்த முறையை யோசித்தவர் வரிசையின் குணத்தை நன்றாக அறிந்தவர்தான்.

ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று சாவடிகள் இருக்கும்போது, அரை மணி நேரம் நின்று முன்னே போன பிறகு "உங்கள் பெயர் அடுத்த அறையில்" என்று கேட்க நேர்வதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. ஒவ்வொரு சாவடிக்கும் தனிப் பட்டியல் என்பதால் காலியாக உள்ள வரிசைக்கு மாறிக்கொள்ளவும் வழியில்லை. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் முதல் நாளே பார்த்து ஒரு தாளில் எழுதி அப்பத்தாவின் கையில் கொடுக்கும் வேலையை நீங்கள் செய்யலாமே!

இன்னொரு வேலையும் உண்டு. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பெரியவர்கள் கேட்டால் நீங்கள் கணக்காகவே சொல்லலாம். அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இது: வரிசையில் நிற்போர் எண்ணிக்கை, ஆட்கள் வரும் வீதத்தையும் ஒருவர் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கக் கிடைப்பது. நீண்ட நேரச் சராசரியில் வரும் வீதமும் வெளியேறும் வீதமும் ஒன்றே. ஆகவே வாசலில் நின்று, வாக்களித்து வெளியே வரும் ஐந்து பேருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 4 நிமிடம் என்றால் ஒருவருக்கு 48 விநாடி. முன்னால் 36 பேர் நின்றால் 29 நிமிடம். ஆண், பெண் வரிசைகள் இரண்டும் ஒரே வாசலில் கலப்பதால் இரண்டையும் சேர்த்து எண்ண மறக்கக் கூடாது. கைக்குழந்தையோடு வரும் தாய்மார்களையும் முதியவர்களையும் முன்னே விடுவார்கள். அதற்கும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் அதே அரை மணி நேரம் பாதியாகத் தோன்றும் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தேர்தல் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெயோ அரிசியோ போடும் நாளில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஒவ்வொருவரும் வந்து சேர்ந்த நேரம், வாங்கி வெளியேறிய நேரம் இரண்டையும் குறித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் நிற்பவர்களை எண்ணி வரைபடம் வரையுங்கள். லிட்டிலின் விதி பொருந்துகிறதா என்று பாருங்கள்.

கூடவே இந்தக் கணக்கையும் போடுங்கள். 1,000 வாக்காளர் கொண்ட சாவடி. நூற்றுக்கு 80 பேர் வருகிறார்கள். நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை. ஒருவருக்கு 45 விநாடி. முதல் இரண்டு மணி நேரம் மணிக்கு 120 பேரும், மீதிப் பேர் அதன்பின் ஒரே சீராகவும் வந்தால், வரிசை எத்தனை மணிக்குக் கரையும்?

(விடை: பகல் 12.20)