நெடுஞ்சொல் தேடலும் பகுபத இலக்கணமும்

சில எழுத்துக்களைக் கொடுத்து, அவை யாவும் அமைந்த ஆங்கிலச் சொற்களுள் நீண்டதொன்றைக் கூறுக என வினவும் விளையாட்டு மாணவர் பலரும் அறிந்ததே. இஃது ஆங்கில ஆசிரியர்க்கே உரியதென எண்ணித் தமிழாசிரியர் ஒதுங்குதல் வழக்கம். யான் அங்ஙனம் ஒதுங்க ஒருப்படேன். இவ்விளையாட்டில் வெல்லுதற்கு வேண்டிய கருவி அகராதி மனனமன்று. நன்னூலார் பதவியலிற் கற்பித்த பகுபத இலக்கணமே என்பது என் துணிபு. பரீட்சை முடிந்த அன்றே நன்னூலை மூடிவைக்கலாமென நினைக்கும் மாணவர் இதனைச் சற்றே ஊன்றி நோக்குவாராக.

கல்வி எனப் பொருள்படும் 'எடியுக்கேஷன்' என்னுஞ் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஈ, டீ, யூ, சீ, ஏ, ரீ, ஐ, ஓ, என் என்பன அதன் ஒன்பது எழுத்துக்கள். ஓரெழுத்தேனும் இருமுறை வரவில்லை. ஆங்கில உயிர் ஐந்தும் ஒவ்வொருமுறை வந்துள்ளன. இவ்வொன்பதையும் கலைத்து வேறு சொல் ஆக்குக என்றால் மாணாக்கன் யாது செய்வான்? பெரும்பாலும் எழுத்துக்களை இங்குமங்கும் மாற்றி வைத்துப் பார்ப்பான். ஒன்பது எழுத்துக்களை அடுக்கும் வகை 3,62,880 ஆகும். விடியுமளவும் இருந்தாலும் முடியாது.

பகுபதம் பயின்றவனோ விகுதியை முதலிற் பிரித்தெடுப்பான். ஆங்கிலத்தில் இறந்தகாலங் காட்டும் விகுதி ஈ, டீ என்னும் இரண்டு எழுத்தாலாயது. அதனை ஒருபுறம் வைக்க, எஞ்சுவன ஏழு. அவற்றுள் ரீ, ஐ, ஓ, என் என்னும் நான்கும் பெயர்ச்சொற்களின் இறுதியிற் பெரிதும் பயிலும் ஈறு. அதனையும் வைத்துவிட்டால் மிகுந்தவை ஏ, யூ, சீ என்னும் மூன்றே. மூன்றெழுத்தை அடுக்கும் வகை ஆறு மாத்திரம்! ஏ, யூ, சீ என நிறுத்தினால் 'ஓக்ஷன்', அதாவது ஏலம். சீ, ஏ, யூ என நிறுத்தினால் 'கோஷன்', அதாவது எச்சரிக்கை. ஒதுக்கிவைத்த விகுதியைக் கூட்டுக. ஏலமிட்டான், எச்சரித்தான் எனப் பொருள்தரும் ஒன்பதெழுத்துச் சொற்கள் இரண்டு கிடைத்தன. கல்வியின் எழுத்துக்களைக் கலைத்தால் ஏலமும் எச்சரிக்கையும் பிறக்கின்றனவே என்று பழைய மாணவர் எவரேனும் நகைப்பராயின், அதற்கு யான் பொறுப்பாளியல்லேன்.

இனி, கொடுத்த எழுத்துக்களோடு பிறவும் கலந்து வரலாம் என்று விதி தளர்ந்தால், எத்துணை நீண்ட சொல் காணலாம்? உயிர் ஐந்தும் வருதல் வேண்டும் எனக் கொள்வோம். எந்த ஒட்டு எந்த உயிரைச் சுமந்து வருகின்றது என்று பார்த்தல் வேண்டும். எதிர்மறை காட்டும் 'அன்' என்னும் முன்னொட்டில் யூ உண்டு. தகுதி காட்டும் 'ஏபிள்' என்னும் விகுதியில் ஏயும் ஈயும் உண்டு. ஆகவே ஐயும் ஓவும் உடைய பகுதி ஒன்றையே இடையில் வைக்க வேண்டும். தவிர்த்தலைக் குறிக்கும் 'அவொயிட்' வைத்தால் 11 எழுத்து. குறிப்பிடுதலைக் குறிக்கும் 'மென்ஷன்' வைத்தால் 13 எழுத்து. 'கொப்பி', 'றைற்' என்னும் இரண்டும் தொக்க, பதிப்புரிமை எனப் பொருள்படும் தொகைச்சொல்லை வைத்தாலோ 15 எழுத்து. இப்பதினைந்தில் ஓரெழுத்தும் மீண்டு வாராமை காண்க. தமிழில் இத்தகைய எதிர்மறை முன்னொட்டு இயல்பன்று. வடமொழியினின்று வந்த அநீதி, அநியாயம் முதலியவற்றாலேயே நாம் அதனை அறிவோம்.

விகாரமும் ஆங்கிலத்துக்கு உண்டு. 'எடியுக்கேற்' என்னும் வினையின் ஈற்று ஈ, பெயராகுங்கால் கெடுகின்றது. மகிழ்வுடைய எனப் பொருள்படும் 'ஹப்பி' என்பதன் ஈற்று வை, 'ஹப்பினெஸ்' ஆகுங்கால் ஐயாகத் திரிகின்றது. ஓடுதலைக் குறிக்கும் 'ரன்' என்பது 'ரன்னிங்' ஆகுங்கால் என் ஒன்று தோன்றுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் வந்தன. மாணவர் கட்டுரைகளில் 'ஹப்பினெஸ்' என்பதை வையோடு எழுதும் பிழை ஓயாமைக்குக் காரணம், சொல்லைக் கண்ணால் மனனஞ் செய்தலன்றிப் பிரித்து நோக்காமையே. அப்பிழையால் மதிப்பெண் இழப்போர் பலர்.

எனினும் ஓர் எச்சரிக்கை. யூ, என் என்று தொடங்குவன எல்லாம் எதிர்மறையல்ல. மாமனைக் குறிக்கும் 'அங்கிள்' அவ்விரண்டெழுத்தால் தொடங்கினும் பகாப்பதமே. அதனைப் பிளப்பது 'மரம்' என்பதைப் பிளப்பது போலும்.

நீளம் ஒன்றே பயன்தராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்குமுள்ள தொடர்பை அறுத்தலை எதிர்த்த கொள்கைக்கு 28 எழுத்துப் பெயர் ஒன்றுண்டு. அன்ரி, டிஸ், எஸ்ராப்ளிஷ், மென்ற், ஏரியன், இசம் என ஆறு துண்டாகப் பிரித்தால் சிறுவனும் எழுதிவிடுவான். ஆனால் அத்துணை எழுத்திலும் ஓவும் இல்லை, யூவும் இல்லை! 1935ஆம் ஆண்டிலே அமெரிக்கப் புதிர்ச் சங்கத் தலைவர் எவரெற் சிமித் என்பார் கட்டிய 45 எழுத்து நோய்ப்பெயரில் உயிர் ஐந்தும் உள. எனினும் நீளத்துக்கென்றே செய்த சொல்லை யான் போட்டியில் ஏற்பதில்லை.

மாணவர் தாமே முயலுதற்கு ஏழு எழுத்துத் தருகின்றேன்: ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், ரீ. ஏழும் ஒவ்வொருமுறையே வரச் சொற்கள் மூன்றேனும் காண்க. இரண்டில் எஸ் ஈற்றில் நிற்கும். ஒன்று வினை, ஒன்று கண்ணின் உறுப்பு. மூன்றாவது ஒப்புமை காட்டும் ஈ, ஆர் என்னும் விகுதி பெற்றது. அதன் பகுதியில் வை ஐயாகத் திரிந்திருக்கும்.