சிவப்பு எரியும்போது திரும்பலாமா?

அமெரிக்காவுல கார் ஓட்டப் போற தங்கச்சிக்கு முதல்ல இதைச் சொல்லிடறேன். நம்ம ஊர்ல ‘ஃப்ரீ லெஃப்ட்’னு சிக்னலைக் கண்டுக்காம இடப்பக்கம் வளைச்சுட்டுப் போற பழக்கத்தை விமானத்துலயே விட்டுட்டு இறங்கு. அங்க வண்டிங்க சாலையோட வலப்பக்கம் ஓடும். அதனால சிவப்புல திரும்புறதும் வலப்பக்கம்தான். ஆனா அதுல ‘ஃப்ரீ’ எதுவும் கிடையாது. ஸ்டாப் லைனுக்கு இந்தப் பக்கமே சக்கரம் முழுசா நிக்கணும். நின்னு, பார்த்து, வர்றவங்களுக்கு வழி விட்டு, அப்புறம் திரும்பலாம். அந்த ஊர்க்காரங்களே பாதி பேர் நிக்காம ஊர்ந்துக்கிட்டே திரும்புவாங்க. நீ அதைப் பழகாதே. கேமரா வெச்ச சந்திப்புல அப்படி ஊர்ந்தாலும் ஃபைன் வரும்.

நின்ன பிறகு எந்தப் பக்கம் பார்க்குறேங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. குறுக்கே வர்ற வண்டி உன் இடப்பக்கத்துலேருந்து வரும். அதனால கழுத்து தானா இடப்பக்கம் திரும்பி, ‘எப்போ இடைவெளி கிடைக்கும்’னு அங்கேயே நிக்கும். இடைவெளி தெரிஞ்சதும் கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போயிடும். அந்த நேரம் பார்த்து வலப்பக்க நடைபாதையிலேருந்து ஒருத்தர் குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு உன் காருக்கு நேர் முன்னாடி இறங்கியிருப்பார். உனக்குச் சிவப்பு எரியும்போது பெரும்பாலும் அவருக்குத்தான் ‘நட’ன்னு வெள்ளை விளக்கு எரியும். தப்பு அவர்மேல இல்ல. அதனால இடப்பக்கம் எத்தனை தடவை வேணும்னாலும் பாரு, ஆனா பிரேக்கிலேருந்து கால் எடுக்கறதுக்கு முந்தின கடைசிப் பார்வை வலப்பக்கமா இருக்கட்டும். நடைபாதையிலேயே சைக்கிள் ஓட்டிட்டு வர்றவங்களும் உண்டு. எதிர்ல இடப்பக்கம் திரும்ப நிக்கிறவங்களுக்குப் பச்சை அம்பு எரிஞ்சா, நீ நுழையப் போற அதே சாலைக்குத்தான் அவங்களும் வருவாங்க. அவங்க போகட்டும்.

பின்னாடி நிக்கிறவர் ஹார்ன் அடிச்சா பதறாதே. சிவப்புல திரும்பலாம்னுதான் சட்டம் சொல்லுது, திரும்பியே ஆகணும்னு எங்கேயும் சொல்லல. உனக்குச் சரியாத் தெரியலைன்னா பச்சை வரைக்கும் நில்லு. அவர் அவசரத்துக்கு நீ ஏன் ஃபைன் கட்டணும்?

சிக்னல் பக்கத்துல ‘நோ டர்ன் ஆன் ரெட்’னு பலகை இருக்கான்னு ஒவ்வொரு சந்திப்புலயும் தேடிப் பாரு. சில பலகையில நேரமும் போட்டிருக்கும், பள்ளிக்கூடப் பக்கம் முக்கியமா. நியூயார்க் நகரத்துல கணக்கே தலைகீழ். அங்க பலகை இல்லைன்னாலே திரும்பக் கூடாது, அனுமதிக்கிற பலகை இருக்கற இடத்துல மட்டும்தான் திரும்பலாம். கனடாவுல மாண்ட்ரியல் தீவுலயும் சிவப்புல திரும்பக் கூடாது. கியூபெக் மாகாணத்தோட மத்த பகுதிகள்ல 2003லேருந்து விட்டுட்டாங்க. நியூஜெர்ஸியில ஓட்டிப் பழகி வார இறுதிக்கு மன்ஹாட்டன் போறவங்க நியூயார்க்கோட இந்தத் தலைகீழ் கணக்குலதான் மாட்டுவாங்க.

சிவப்பு வட்டம் இல்லாம சிவப்பு அம்பு எரிஞ்சா? கலிஃபோர்னியாவுல திரும்பவே கூடாது. வாஷிங்டன் மாநிலத்துல நின்னுட்டுத் திரும்பலாம். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுறதால, அம்புன்னாலே நில்லுன்னு வெச்சுக்கோ. ஒன்வேயிலேருந்து இன்னொரு ஒன்வேக்குச் சிவப்புல இடப்பக்கம் திரும்பவும் நிறைய மாநிலங்கள்ல அனுமதி உண்டு. புதுசா ஓட்டுற உனக்கு அந்த வித்தையெல்லாம் வேண்டாம்.

சிவப்புல வலப்பக்கம் திரும்பலாம்ங்கிற விதி அமெரிக்கா முழுக்கப் பரவினதே பெட்ரோலை மிச்சம் பிடிக்கத்தான். 1973ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்துச்சு. 1975ல வந்த எரிசக்தி சட்டம், சிக்கனத்துக்கு மத்திய அரசு பணம் வேணும்னா சிவப்புல வலப்பக்கம் திரும்ப விடணும்னு மாநிலங்களுக்கு நிபந்தனை போட்டது. கடைசியா 1980ல மாசசூசெட்ஸ் இறங்கி வந்தது. நடந்து போறவங்களை மனசுல வெச்சு யாரும் இதைக் கொண்டு வரல. அதனால அவங்களைப் பார்க்குற பொறுப்பு முழுக்க உன் தலையிலதான்னு நான் நினைக்கிறேன்.

வேற நாட்டுக்குப் போனா இதே பழக்கத்தைக் கொண்டு போகாதே. லண்டன்ல சிவப்புன்னா சிவப்பு, பச்சை அம்பு எரிஞ்சாதான் இடப்பக்கம் திரும்பலாம். சிங்கப்பூர்ல அனுமதிப் பலகை இருக்கற சந்திப்புல மட்டும், அதுவும் நின்னுட்டு. ஜெர்மனியில சிக்னல் பக்கத்துல பச்சை அம்பு வரைஞ்ச ஒரு தகரப் பலகை இருந்தா நின்னுட்டு வலப்பக்கம் போகலாம். கிழக்கு ஜெர்மனிக்காரங்க வழக்கம் அது, நாடு ஒண்ணான பிறகும் 1994ல எல்லாருக்குமா ஏத்துக்கிட்டாங்க. தென் கொரியாவுல 2023லேருந்து, சிவப்புல வலப்பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி நின்னே ஆகணும்னு இறுக்கிட்டாங்க.

ஒண்ணு மறந்துட்டேன். வாடகைக் கார் எடுத்தா, கேமராவுல விழுந்த ஃபைன் கம்பெனிக்குத்தான் போகும். அவங்க தங்களோட கட்டணத்தையும் சேர்த்து உன் கிரெடிட் கார்டுல பிடிச்சுக்குவாங்க, நீ ஊர் திரும்பின பிறகுகூட. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்துல அந்தப் பத்தியைத் தேடிப் படிச்சிரு.