அடுப்பு மூட்டாத கொக்கோ உருண்டை

“அக்கா, இதுல சீனி இருக்கா?”

மாசாயில் நாங்கள் நடத்தும் ஞாயிறு சமய வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்டாள். அன்று பாடம் முடிந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து கொக்கோ உருண்டை பிடித்துக் கொண்டிருந்தோம். பேரீச்சம்பழம், வறுத்த கச்சான், ஓட்ஸ், எள்ளு, கொக்கோத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான் பொருள்கள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “ஒரு கரண்டி சீனிகூடப் போடலம்மா, எல்லாம் இயற்கை” என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஐந்து உருண்டைகளை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனாள். அவளுடைய அப்பாவுக்கு இனிப்பு நீர். தீபாவளிக்குக்கூட ஒரு முழு லட்டு தின்ன விடமாட்டார்களாம். “அப்பா, இது நீங்க சாப்பிடலாம், இதுல சீனியே இல்ல” என்று கொடுத்திருக்கிறாள். மனுஷர் ஆசையாக ஐந்தையும் தின்றிருக்கிறார். சாப்பாடு முடிந்து இரவில் விரலைக் குத்திப் பார்த்தால் 14. வழக்கமாக 8, 9 என்றுதான் காட்டுமாம்.

அடுத்த ஞாயிறு அவள் வந்து என்னைக் குறை சொல்லவில்லை. “அக்கா, சீனி போடலன்னா எப்படி ஏறுச்சு?” என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தராசை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். தம்பி தங்கைகளே, இந்தப் பாடம் அந்தக் கணக்குதான்.

முதலில் நான் அன்று செய்த அளவு. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம், கச்சான் 100, ஓட்ஸ் 50, எள்ளு 25, கொக்கோத் தூள் 25. மொத்தம் 400 கிராம். 20 கிராம் வீதம் இருபது உருண்டைகள். காய்ந்த பேரீச்சம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அப்படியானால் 200 கிராம் பழத்தில் சுமார் 130 கிராம். அதை இருபதால் வகுத்தால் ஓர் உருண்டைக்கு ஆறரை கிராம், அதாவது ஒன்றரை தேக்கரண்டிக்கும் கொஞ்சம் மேல். ஐந்து உருண்டை என்றால் எட்டு தேக்கரண்டி! நான் சீனி டப்பாவைத் திறக்கவில்லை என்பது உண்மை. பழம் அந்த வேலையை எனக்காகச் செய்துவிட்டது.

பேரீச்சம்பழத்தைத் தப்பு சொல்ல முடியாது. அதில் நார்ச்சத்து இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது. வெறும் சீனியில் இதெல்லாம் கிடையாது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் சீனி பற்றி வெளியிட்ட வழிகாட்டியில் முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. தேனைச் சேர்த்திருக்கிறது, அதைக் கவனியுங்கள். “சீனிக்குப் பதிலா தேன்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆனால் அது பொதுவாக எல்லாருக்கும் சொன்ன அளவு. இனிப்பு நீர் உள்ளவர் ஒரு வேளையில் பத்துப் பழத்துக்குச் சமமானதை அரைத்து உருட்டித் தின்றால், இது பழமா சீனியா என்று ரத்தம் விசாரித்துக் கொண்டிருக்காது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் மூன்று பேரில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட. நம் வகுப்பில் முப்பது பிள்ளைகள். அவர்கள் வீட்டுப் பெரியவர்களை எண்ணிப் பார்த்தால், அந்த டப்பா அன்று எந்த வீட்டுக்குப் போயிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

சரி, பேரீச்சம்பழத்தைக் குறைத்துவிடலாம் என்றால் உருண்டை நிற்காது. அடுப்பில்லாத பலகாரத்தில் பிடித்து நிறுத்துவது எது என்பதுதான் முக்கியமான விஷயம். எள்ளுருண்டைக்கு வெல்லப்பாகு காய்ச்சுகிறோம். பாகு ஆறி இறுகும்போது எள்ளைப் பிடித்துக்கொள்கிறது. பாகு இல்லாமலும் நம் ஆட்கள் பிடித்திருக்கிறார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். ஊறவைத்து ஈரத்தோடு இடித்த பச்சரிசி மாவு, வெல்லம், ஏலக்காய். அடுப்பே கிடையாது. மாவின் ஈரத்தில் வெல்லம் இளகி ஒட்டுகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய் என்று எல்லாவற்றையும் பிசைகிறார்கள், சமைப்பதில்லை. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. அடுப்பில்லாத இனிப்பு என்று இப்போது புதிதாகப் பேசுகிறோம். நம் பாட்டிமார் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் அதைக் கையளவு பிரசாதமாகத்தான் கொடுத்தார்கள், டப்பா டப்பாவாக இல்லை.

பசைக்குத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இன்னொரு வழியும் உண்டு. சிமிலி என்று ஓர் உருண்டை. கேழ்வரகு அடையைச் சுட்டு, வறுத்த கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடிப்பார்கள். இடிக்க இடிக்கக் கடலையின் எண்ணெய் வெளியே வரும். வெல்லத்தோடு அந்த எண்ணெயும் சேர்ந்துதான் பிடிக்க வைக்கிறது. எனக்கு யோசனை வந்தது இங்கேதான். இனிப்பு ஒரு பசை என்றால் எண்ணெய் இன்னொரு பசை. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டினால் என்ன?

மூன்று தடவை செய்து பார்த்தேன். முதல் தடவை உதிர்ந்து போய்க் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்றோம். கடைசியில் நின்ற அளவு இது: பேரீச்சம்பழம் 100 கிராம், கச்சான் 150, ஓட்ஸ் 75, எள்ளு 50, கொக்கோத் தூள் 25. மொத்தம் அதே 400 கிராம், அதே இருபது உருண்டைகள்.

கச்சானை வறுத்துத் தோலை ஊதிவிடுங்கள். கசப்போ பூஞ்சை வாசமோ அடித்தால் அந்தப் பொட்டலத்தையே தூக்கிப் போடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் கடலையில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது. எள்ளையும் ஓட்ஸையும் தனித்தனியாக வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். (இதற்கு அடுப்பு வேண்டுமே என்று ஒரு தம்பி மடக்கினான். வறுத்ததைக் கடையில் வாங்கினால் தலைப்பு பொய்யாகாது.)

கச்சானில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துவிட்டு, மீதியை மிக்ஸியில் போட்டு விட்டு விட்டு அரையுங்கள். முதலில் தூளாகும், பிறகு ஓரத்தில் ஒட்டும், அப்புறம் பளபளவென்று களியாகும். அந்தப் பளபளப்பு வரும்வரை பொறுமை வேண்டும், அதுதான் பசை. பிறகு பேரீச்சம்பழத்தைப் போட்டு அரையுங்கள். பழம் காய்ந்திருந்தால் பத்து நிமிடம் சுடுதண்ணீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்து போடலாம். கடைசியாக ஓட்ஸ், எள்ளு, கொக்கோ, உப்பு. எடுத்து வைத்த கச்சானை ஒன்றிரண்டாக உடைத்துக் கலந்தால் பல்லில் படும். புட்டு மாவு தெரியும்தானே? பிடித்தால் பிடிக்கும், விரலால் தொட்டால் உதிரும். இது தொட்டாலும் உதிரக் கூடாது. உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் தெளியுங்கள். உடனே தேனை எடுக்காதீர்கள், போட்ட கணக்கெல்லாம் வீணாகிவிடும். உருட்டி அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இறுகிவிடும். அங்கேயே ஒரு வாரம் வரை வைத்திருக்கலாம்.

சாக்லேட்டை உருக்கி மேலே பூசலாமா என்று கேட்பீர்கள். கொக்கோ வெண்ணெய் 34 பாகை அளவில் உருகும். ஜொகூர் வெயிலில், கோயில் பந்தல் மேசையில் எத்தனை நேரம் தாங்கும்? எள்ளில் புரட்டி எடுங்கள், போதும்.

கொக்கோத் தூள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டுப் பக்கத்துப் பொருள். மாசாயை ஒட்டியிருக்கும் பாசிர் கூடாங்கில் குவான் சோங் போன்ற பெரிய கொக்கோ அரைவை ஆலைகள் இருக்கின்றன. கொட்டையை வறுத்து, அரைத்து, அழுத்திக் கொக்கோ வெண்ணெயைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடித்தால் அதுதான் கொக்கோத் தூள். அரைவையில் உலகப் பெரிய நாடுகளில் நாமும் ஒன்று, ஆனால் கொட்டையில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. 1990-இல் மலேசியாவில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் டன் கொக்கோ விளைந்தது. விலைச் சரிவு, காய்த் துளைப்பான் புழு, செம்பனையின் வரவு எல்லாம் சேர்ந்து இன்று ஆயிரம் டன்கூட எட்டுவதில்லை. அதனால் ஆப்பிரிக்காவில் விளைச்சல் கெட்டு 2024-இல் உலக விலை டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியபோது, ஆலை பக்கத்தில் இருந்தும் நமக்குப் பயனில்லை.

விலை ஏறினால் மலிவான பொட்டலத்தின் மேல் கை போகும். அங்கேதான் ஏமாறுவோம். சுத்தமான கொக்கோத் தூள் கசக்கும், அதில் சீனி மிகக் குறைவு. “சாக்லேட் பானம்” என்று விற்கும் தூள் வேறு. பொட்டலத்தின் பின்பக்கம் பொருள்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்பட்டிருக்கும். முதல் பெயர் சீனி என்றால், நீங்கள் வாங்கியது கொக்கோ வாசம் உள்ள சீனி.

புதிய அளவில் ஓர் உருண்டைக்குச் சர்க்கரை சுமார் மூன்றேகால் கிராம், பழையதில் பாதி. உடனே கை தட்டாதீர்கள். கச்சானும் எள்ளும் கூடியதால் கலோரி 75-லிருந்து 90 பக்கம் ஏறிவிட்டது. ஒரு பக்கம் இறக்கினால் இன்னொரு பக்கம் ஏறுகிறது. ஆகவே இப்போது வகுப்பில் டப்பா கொடுப்பதில்லை. ஆளுக்கு ஒன்று, கையில். கொடுக்கும் முன் கச்சான் ஒவ்வாதவர் யாராவது உண்டா என்று கேட்டுவிடுகிறோம். வீட்டுக்குக் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு துண்டுத் தாளில் “ஒன்றில் சர்க்கரை 3¼ கிராம், கச்சான், எள்ளு உண்டு” என்று எழுதித் தருகிறோம்.

அந்தத் தங்கச்சியின் அப்பாவைப் போன வாரம் கோயிலில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். “அட விடும்மா, நல்லா இருந்துச்சுன்னுதான் அஞ்சு தின்னேன்” என்று சிரித்தார். மகள் பையிலிருந்து ஒரே ஓர் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, பையை இந்தப் பக்கம் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.