கவுன்டரில் நிற்பவரின் களைப்பு

கேள்வி: கடைகளிலும் வங்கிகளிலும் பொதுமக்களை எதிர்கொள்ளும் பால்புதுமையினருக்குத் தனி உளவள ஆலோசனை தேவையா?

பதில்: சம்பளத்துக்காகப் புன்னகையை வரவழைத்துக் காட்டுவதை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் 1983இல் ‘உணர்வு உழைப்பு’ என்றார். “இன்னும் கல்யாணம் ஆகலையா?” என்று உரிமையோடு விசாரிக்கும் வாடிக்கையாளர் முன் குரலையும் சொல்லையும் காக்கும் ஓயாத எச்சரிக்கை, அதாவது ஆய்வாளர் இலான் மேயர் 2003இல் விளக்கிய ‘சிறுபான்மை அழுத்தத்தின்’ ஒரு கூறு, அந்த உணர்வு உழைப்போடு சேரும்போது களைப்பு கூடுகிறது. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ நோயாகக் கொள்ளாமல் இக்களைப்பையே கையாண்டு, யாரிடம் எப்போது வெளிப்படுத்துவது என்ற முடிவை ஆலோசனைக்கு வந்தவரிடமே விடுவது ஏற்புசார் சிகிச்சை. இது தேவையே. பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ ‘மாற்றிவிடலாம்’ என்பவர் சிகிச்சையாளரே அல்லர்: சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அப்படி மாற்றும் முயற்சிகளைத் தடைசெய்தது, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அவற்றைத் தொழில்முறை ஒழுங்கீனம் என அறிவித்தது. ஆலோசகரின் நிலைப்பாட்டை முதல் சந்திப்பிலேயே கேட்டறிவது நல்லது.