நண்பர்களைக் கேட்ட பேராயர்

1910-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் ஒரு பெரிய மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 1200 பேர். அநேகமாக எல்லாரும் வெள்ளைக்காரர்கள். அந்தச் சபையில் 35 வயதுத் தமிழர் ஒருவர் எழுந்து பேசினார். திருச்செந்தூர்ப் பக்கம் வெள்ளாளன்விளைக்காரர், பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

என்ன பேசினார் தெரியுமா? 'நீங்கள் எங்களுக்காகப் பணம் தருகிறீர்கள், உயிரைக்கூடக் கொடுக்கிறீர்கள். ஆனால் பல வருஷம் கூடவே வேலை செய்யும் இந்தியரைச் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடுவதில்லையே! எங்களுக்கு நண்பர்கள் வேண்டும்' என்பதுதான் அவர் பேச்சின் சாரம். சிலர் பாராட்டினார்கள். சிலருக்குக் கோபம். அவர்கள் நாட்டுக்கே போய், அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதென்றால் சும்மாவா?

அசரியா 1874-ல் பிறந்தவர். அப்பா கிராமத்துக் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர், கடைசித் தேர்வு சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போய், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். (அவருக்கே 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது!) பிறகு ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை. 1903-ல் நெல்லையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம பணம், நம்ம ஆட்கள், வெளிநாட்டு உதவி வேண்டாம் என்பது அதன் கொள்கை.

அந்தச் சங்கம் ஊழியம் செய்த இடம் நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கல். 1909-ல் இவரே அங்கே போனார். அந்த வயதில் தெலுங்கு கற்றுக்கொண்டார். நமக்கு இங்கிலீஷ் கிராமர் என்றாலே நடுக்கம்!

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் டோர்னக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் இவர்தான். எளிதாக நடந்துவிடவில்லை. இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்வதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வருத்தம் என்னவென்றால், நம்மவர்களிலும் எதிர்த்தவர்கள் உண்டு.

அவர் நகரத்து பங்களாவில் உட்காரவில்லை. மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள்தான் அவர் சபையினர். ஊர் ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். மதமாற்ற விஷயத்தில் காந்தியடிகளுக்கும் இவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

டோர்னக்கலில் அவர் கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டை ஆனது. தூண்களைப் பார்த்தால் கோவில் மாதிரி, கும்மட்டங்களைப் பார்த்தால் மசூதி மாதிரி! பல சபைகளை ஒன்று சேர்க்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சியிலும் அவர் முன்னால் நின்றார். அது தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது 1947 செப்டம்பர் 27-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 புத்தாண்டு தினத்தன்றே காலமாகிவிட்டார்.